அரிவாள் பேச்சைக் கேட்கவில்லையா? அடையாளம் பார்த்துக் கோளாறைச் சரிசெய்ய

அரிவாள் சரியாக வெட்டவில்லை என்றதும் "இரும்பு சொத்தை" என்று தீர்ப்பு எழுதிவிடுவது நம் வழக்கம். பெரும்பாலும் அது அநியாயமான தீர்ப்பு. நம் பக்கத்துப் பட்டறைகளில் தோட்டத்து அரிவாள் பெரும்பாலும் பழைய லாரி வில்லுப்பட்டையை வெட்டிக் காய்ச்சி அடித்ததுதான். 0.5 முதல் 0.6 சதவீதம் வரை கார்பன் உள்ள நல்ல எஃகு அது. அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தியில் வாங்கினாலும் சரி, உள்ளூர் ஆசாரியிடம் சொல்லி அடித்தாலும் சரி, இரும்பு முதல் குற்றவாளி அல்ல. வாயை, அதாவது வெட்டும் விளிம்பைப் பாருங்கள், பிறகு பிடியைப் பாருங்கள், பிறகு நீங்கள் நிற்கும் விதத்தைப் பாருங்கள். அதற்குப் பிறகும் விடை கிடைக்காவிட்டால் இரும்பைப் பற்றிப் பேசலாம்.

கீழே சொல்வது முக்கியமாக வீட்டிலும் தோட்டத்திலும் புழங்கும் வெட்டரிவாளுக்கு. கதிர் அறுக்கும் பன்னரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் கடைசியில் கொஞ்சம் இடம் இருக்கிறது.

வெட்டினால் இறங்காமல் வழுக்குகிறது, துள்ளுகிறது

முதலில் கூர் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். வாயை வெயிலுக்கு நேராகப் பிடித்து மேலிருந்து பாருங்கள். கூர் உள்ள வாய் கண்ணுக்குத் தெரியாது. மழுங்கிய வாயில் வெள்ளைக் கோடு ஒன்று மின்னும். எந்த இடத்தில் மின்னுகிறதோ அந்த இடம்தான் வேலை கேட்கிறது. இன்னொரு சோதனை: வாயைக் கட்டைவிரல் நகத்தின் மேல் சாய்வாக, பாரம் கொடுக்காமல் வையுங்கள். நகத்தைப் பற்றி நின்றால் கூர் இருக்கிறது, நழுவினால் இல்லை.

இனி கூர் ஏற்றும் வேலை. பலர் தடுக்கி விழும் இடம் இது. கத்தியைக் கல்லில் தேய்க்கும் பழக்கத்தில் அரிவாளையும் தட்டைக் கல்லில் வைத்துத் தேய்ப்பார்கள். உள்பக்கமாக வளைந்த வாயில் தட்டைக் கல் முழுதாகப் படியாது. கல்லின் இரண்டு ஓரங்கள் மட்டும் உரசும். அந்த இடங்களில் பள்ளம் விழும். நடுவில் பழைய மழுங்கல் அப்படியே இருக்கும். சில வருடங்களில் வாய் அலை அலையாகிவிடும். வளைந்த வாய்க்கு அரிவாளை அசையாமல் வைத்துக் கல்லைத்தான் நகர்த்த வேண்டும். அரைவட்ட அரத்தின் உருண்டை பக்கமோ, உருளைச் சாணைக்கல்லோ இதற்குச் சரி. மூக்கை, அதாவது வளைந்த நுனியை நெருங்க நெருங்க வளைவு இறுகும் என்பதால் அங்கே அரத்தின் மெல்லிய நுனிப் பகுதியைப் பயன்படுத்துங்கள்.

அரிவாளை மேசைக் கவ்வியில் இறுக்குங்கள். கவ்வி இல்லையென்றால் திண்ணை ஓரத்தில் ஒரு பலகை போட்டு, அரிவாளின் முதுகு பலகையில் அழுந்தும்படி கயிற்றால் கட்டிக்கொள்ளலாம். காலுக்கடியில் மிதித்துக்கொண்டு அரம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆசாரிக்குக் கைவந்த வேலை அது; நமக்கு வேண்டாம்.

கோணத்துக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. செய்தித்தாளின் மூலை 90 பாகை. அதை ஒரு முறை சரிபாதியாக மடித்தால் 45. இன்னொரு முறை மடித்தால் இருபத்திரண்டரை. அந்தக் காகித முக்கோணத்தை வாயருகே நிறுத்தி, அரத்தை அந்தச் சாய்வில் பிடியுங்கள். விறகும் கிளையும் வெட்டும் அரிவாளுக்கு ஒவ்வொரு பக்கமும் இந்தச் சாய்வு பொருத்தமானது. இளநீர், வாழை, கீரைத்தண்டு என்று மெதுவான வேலை மட்டும் என்றால் இன்னும் கொஞ்சம் படுக்கப் பிடிக்கலாம். ஒரு பக்கம் மட்டும் சரிவு வைத்து அடித்த அரிவாள்களும் உண்டு. அதில் அந்தப் பக்கத்தை மட்டும் அரத்தால் தொடுங்கள்.

அரம் தள்ளும்போது மட்டுமே அறுக்கும். திரும்பும்போது தூக்கிவிடுங்கள், உரசியபடி இழுத்தால் அரத்தின் பல்தான் தேயும். அரத்துக்குப் பிடி இல்லாமல் வேலையைத் தொடங்கவே கூடாது. விரல்கள் வாயைத் தாண்டி வராத அளவில் தள்ளலை நிறுத்துங்கள். ஒரு பக்கம் போதும் என்பதற்கு அடையாளம் மறுபக்கத்தில் எழும் பிசிர், அதாவது ஓரத்தில் மடிந்து நிற்கும் மெல்லிய இரும்பு. முதுகிலிருந்து வாய்க்கு வெளியே போகும் திசையில் விரல் நுனியை இழுத்தால் அது தட்டுப்படும். வாயின் நீளத்துக்கு விரலை ஓட்டிப் பார்ப்பது சோதனை அல்ல, தண்டனை. வாய் முழுக்கப் பிசிர் எழுந்ததும் மறுபக்கம் போங்கள். கடைசியில் நைசான கல்லை லேசாக இரண்டு பக்கமும் ஓட்டிப் பிசிரை எடுங்கள். பிசிரோடு விட்டுவிட்டால் முதல் வெட்டில் அமர்க்களமாக இறங்கும், பத்தாவது வெட்டில் பழைய கதைதான்.

விரல் பருமனுள்ள பச்சைக் கிளையைச் சாய்வாக ஒரே வீச்சில், நார் தொங்காமல் வெட்டினால் வேலை முடிந்தது.

அரம் போட்டால் இரும்பைப் பிடிக்காமல் கண்ணாடிமேல் ஓடுவதுபோல வழுக்குகிறது என்றால் இரண்டில் ஒன்று. அரம் தேய்ந்திருக்கிறது, அல்லது வாய்க்குத் தோய்ச்சல் (காய்ச்சிய இரும்பை முக்கிக் கடினமாக்குவது) அளவுக்கு மீறி ஏறியிருக்கிறது. அரத்தை வேறொரு சாதாரண இரும்பில் போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். வாய்தான் காரணம் என்றால் அரத்தை விட்டுவிட்டுக் கல்லுக்கு மாறுங்கள். அடுத்து இரண்டு தலைப்புகள் தள்ளிச் சொல்லியிருப்பதையும் படியுங்கள், ஏனென்றால் அந்த அரிவாளுக்குப் பல் விழும் யோகம் இருக்கிறது.

கூர் நிற்பதில்லை, வாய் மடங்கிப்போகிறது

காலையில் கூர் ஏற்றி மதியத்துக்குள் மழுங்கினால் முதலில் எதை வெட்டினீர்கள் என்று யோசியுங்கள். மூங்கிலிலும் நெற்தாளிலும் மணலில் உள்ள அதே சிலிக்கா இருக்கிறது. எந்த வாயையும் தேய்த்துவிடும். தரையில் கிடந்த தென்னை மட்டையில் ஒட்டிய மண் இன்னும் மோசம். வெட்டுவதற்கு முன் தட்டி உதறுங்கள்.

எதை வெட்டினாலும் மடங்குகிறது என்றால் வாயின் நிறத்தைப் பாருங்கள். ஓரமாக நீலமோ ஊதாவோ படர்ந்திருந்தால் ஆங்கிள் கிரைண்டர் தன் வேலையைக் காட்டியிருக்கிறது. எஃகு சூடேறும்போது மேலே படரும் நிறம் ஒரு வெப்பமானி. வைக்கோல் மஞ்சள் ஏறக்குறைய 220 செல்சியஸ், பழுப்பு 250, ஊதா 270 தாண்டி, நீலம் 300ஐ ஒட்டி. மெல்லிய வாய் சில நொடிகளில் நீலத்துக்குப் போய்விடும். அப்போதே ஆசாரி போட்ட தோய்ச்சல் அந்த ஓரத்தில் தளர்ந்துவிட்டது. பிறகு தண்ணீரில் முக்கி என்ன பயன்? மெஷினில் சாணை பிடித்துத் தருகிறேன் என்று தீப்பொறி பறக்க விடுபவரிடம் அரிவாளைக் கொடுக்காதீர்கள். பொறி அழகாகத்தான் இருக்கும்.

நீலம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் என்றால் அந்த அளவுக்கு அரத்தால் எடுத்துவிட்டால் உள்ளே நல்ல எஃகு கிடைக்கும். அகலமாக ஏறியிருந்தால் பட்டறைக்குத்தான் போக வேண்டும். உலையில் காய்ச்சி, மறுபடி தோய்ச்சல் போட்டுத் தருவார்கள்.

நிறமாற்றமே இல்லாமல் மடங்கினால், கோணம் மிகவும் படுத்திருக்கிறது என்று பொருள். பிளேடுபோல மெலிதாக்கிய வாய் முருங்கைக் கிளைக்குத் தாங்கும், சீமைக் கருவேலத்துக்குத் தாங்காது. காகித முக்கோணத்தை மறுபடி எடுங்கள்.

வாயில் பல் பல்லாக விழுகிறது

மடங்குவது மென்மையின் அடையாளம் என்றால், உடைவது கடினத்தின் அடையாளம். ஆனால் தோய்ச்சலைக் குறை சொல்வதற்கு முன் மூன்று கேள்விகள். வேலிக் கட்டையில் ஆணி இருந்ததா? தரையில் வைத்து வெட்டினீர்களா? மரத்தில் மாட்டிய அரிவாளைப் பக்கவாட்டில் நெம்பினீர்களா? மூன்றாவதுக்குப் பெரும்பாலும் ஆம் என்றே பதில் வரும். அரிவாள் நெடுக்காக எவ்வளவு வேகத்தையும் தாங்கும், பக்கவாட்டில் கொஞ்சம்கூடத் தாங்காது. அது கடப்பாரை அல்ல.

வெட்டுக்கட்டை ஒன்று அவசியம். கறிக்கடைக்காரர்கள் புளியங்கட்டையை வைத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. எளிதில் பிளக்காது, வாயையும் கெடுக்காது. தேங்காய் உடைக்க வாயைப் பயன்படுத்த வேண்டியதே இல்லை. அரிவாளைத் திருப்பி முதுகால் ஓட்டின் நடுவட்டத்தில் ஒரு தட்டு, காயைக் கொஞ்சம் உருட்டி இன்னொரு தட்டு, மூன்றாவதில் இரண்டாகும். அப்போது வாய் உங்களைப் பார்த்துத் திரும்பியிருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கையை நன்றாகத் தள்ளி வைத்து, மணிக்கட்டால் மட்டும் தட்டுங்கள்.

ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும் பல்லை, வாய் முழுவதையும் சீராக அரத்தால் இறக்கிச் சரிசெய்யலாம். பல் விழுந்த இடத்தை மட்டும் குடையக் கூடாது. பெரிய பல் என்றால் அப்படியே விட்டுவிட்டு வெட்டுங்கள். வருடம் போகப் போகக் கூர் ஏற்றுவதிலேயே அது கரையும்.

விரிசல்தான் பயப்பட வேண்டியது. பல் விழுந்த இடத்திலிருந்து முதுகை நோக்கி மயிரிழை போல ஓடியிருக்கும்; கண்ணுக்குப் பெரும்பாலும் படாது. சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் மண்ணெண்ணெய் அல்லது டீசல் தடவிப் பத்து நிமிடம் விடுங்கள். நன்றாகத் துடைத்துவிட்டு சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பொடியில் ஈரக்கோடாக நிற்கும். கோடு தெரிந்த அரிவாளை ஓங்கக் கூடாது. பழைய இரும்புக்குப் போடுங்கள்.

மரத்தில் சிக்கிக்கொண்டு வர மறுக்கிறது

நேர்குறுக்காக வெட்டினால் எந்த அரிவாளும் சிக்கும். நாரின் போக்குக்கு ஏறக்குறைய 45 பாகை சாய்வாக ஒரு வெட்டு, எதிர்ச்சாய்வில் இன்னொரு வெட்டு, இடையில் ஒரு சில்லு தெறித்து விழ வேண்டும். சில்லு விழாத வெட்டு வீண்வெட்டு. சிக்கிவிட்டால் பிடியை மேலும் கீழுமாக, வெட்டின் போக்கிலேயே ஆட்டி எடுங்கள்.

இப்படிச் சாய்வாக வெட்டிய முள்செடியின் அடிக்கட்டை ஈட்டி முனையாக நிற்கும். போகிற போக்கில் அதையும் தரையோடு தட்டிவிட்டு நகருங்கள்.

பிடி ஆடுகிறது

இந்த ஒரு கோளாறுக்கு மட்டும் "அப்புறம் பார்க்கலாம்" கிடையாது. ஓங்கும்போது கழன்ற அரிவாள் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றைய வேலையை நிறுத்திவிடுங்கள்.

கோடையில் மரம் வற்றிச் சுருங்குவதால்தான் பெரும்பாலும் ஆட்டம் வருகிறது. பலரும் செய்வது, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுவது. ஊறிய மரம் உப்பி இறுகும் என்பது உண்மைதான். ஆனால் இரும்போடு முட்டிக்கொண்டு உப்பும்போது மரத்தின் நார் நசுங்கிவிடும். காய்ந்தபின் முன்பைவிட அதிகமாக ஆடும். பிடிக்குள் இறங்கும் இரும்புக் காம்பும் துருப்பிடிக்கும்.

சரியான வழி: பிடியைக் கழற்றுங்கள். காம்பில் உள்ள துருவையும் பிடியின் துளையில் உள்ள தூளையும் சுத்தம் செய்யுங்கள். பழைய முறை அரக்கு. வாயைச் சுற்றி ஈரத்துணியைத் தடிமனாகக் கட்டிக்கொண்டு, காம்பை மட்டும் சூடாக்கி, பொடித்த அரக்கை நிரப்பிய துளையில் இறக்கி, நேர் பார்த்து ஆறவிட வேண்டும். ஈரத்துணி எதற்கு என்றால், மேலே சொன்ன நீலம் வாய்க்கு ஏறாமல் இருப்பதற்கு. நெருப்பெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு அரால்டைட் போன்ற இரண்டு குழாய்ப் பசை போதும். ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். காம்பு பிடிக்குப் பின்னால் வெளியே வந்து மடக்கிய வகை என்றால், மடக்கைத் தட்டி இறுக்கினாலே சரியாகிவிடும். பூண், அதாவது பிடியைச் சுற்றியுள்ள இரும்பு வளையம் தளர்ந்திருந்தால் அதை மாற்றாமல் வேறெதைச் செய்தும் பயனில்லை, ஏனென்றால் மரம் பிளக்காமல் காப்பது அதுதான்.

புதுப் பிடி போடுவதாக இருந்தால் பூவரசு, நாட்டுக் கருவேலம், வாகை எதுவானாலும் நன்கு காய்ந்த கட்டையாகக் கேளுங்கள்.

உள்ளங்கை காந்துகிறது, மணிக்கட்டு வலிக்கிறது

பிடியைப் பற்றினால் விரல் நுனிகள் உள்ளங்கையின் அடிமேட்டை லேசாகத் தொட வேண்டும். அழுந்தினால் பிடி மெலிது, எட்டாவிட்டால் பருமன். மெலிந்த பிடியில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றிக்கொள்ளலாம். வார்னிஷ் அடித்த பிடி கடையில் பளபளக்கும், கையில் கொப்புளம் போடும். உப்புத்தாளால் அதைத் தேய்த்து எடுத்துவிட்டு விளக்கெண்ணெய் தடவுங்கள்.

ஒவ்வொரு வெட்டிலும் கையில் மின்சாரம்போல அதிர்வு ஏறுகிறது என்றால், அரிவாளின் தவறான இடத்தால் வெட்டுகிறீர்கள். பிடியை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து, முதுகை ஒரு கட்டையில் அடியிலிருந்து நுனிவரை இடம் மாற்றி மாற்றித் தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் பிடியில் அதிர்வு தெரியாது. பெரும்பாலான அரிவாள்களில் அது மூக்கு வளையத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கும். சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அந்த இடம் மரத்தில் படும்படி வெட்டிப் பழகுங்கள். வலி பாதி குறையும்.

குறி தப்பிக் கால் பக்கம் வருகிறது

மழுங்கல் ஒரு காரணம். அதை முதலிலேயே பார்த்தாயிற்று. மற்றது நிற்கும் நிலை. வீச்சு முடியும் இடத்தில் உங்கள் கால் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் சூத்திரம். வலக்கைக்காரர் இடக்காலைப் பின்னால் வைத்து நிற்க வேண்டும். விழுந்த மரத்தில் கிளை கழிக்கும்போது, தண்டு உங்களுக்கும் கிளைக்கும் நடுவில் இருக்கட்டும். குனிந்து தரையோடு வெட்டும் வேலைக்கு ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டால், தப்பிய வீச்சு மண்ணில் போய் நிற்கும்.

இடக்கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே வெட்டுவதுதான் விரல் போகும் வழி. வேலிமுள் வெட்டுபவர்கள் கையில் கவைக்கம்பு வைத்திருப்பதைக் கவனியுங்கள். முள்ளுக்காக மட்டும் அல்ல அது. இளநீர்க்காரர் காயை உள்ளங்கையில் ஏந்திச் சீவுவதைப் பார்த்துவிட்டு வீட்டில் முயல வேண்டாம். கட்டையில் வைத்துச் சீவினாலும் தண்ணீர் அதே இனிப்புத்தான்.

மூக்கு வளைந்திருப்பதால் அரிவாளுக்கென்று ஒரு தனி ஆபத்தும் உண்டு. ஓங்கும்போது பின்னால் தொங்கும் கொடியிலோ துணிக்கயிற்றிலோ மாட்டும். ஓங்குவதற்கு முன் கையை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, எதுவும் தட்டவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அரிவாளைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கீழே வைத்தால் மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். சண்டை வரும் என்று காரணம் சொல்வார்கள். காரணத்தை நம்பாவிட்டாலும் பழக்கத்தை விடாதீர்கள்.

வெட்டுப்பட்டுவிட்டால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் தூக்கிப் பார்க்க வேண்டாம். காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம், தையல் போடும் மருத்துவருக்கு அதைக் கழுவுவதே வேலையாகிவிடும். ரத்தம் நிற்காவிட்டால், விரல் மடங்காவிட்டால், அல்லது மரத்துப்போனால் 108ஐ அழையுங்கள். ரணஜன்னி (டெட்டனஸ்) துருவால் வருவதில்லை. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமியால் வருகிறது. ஆகவே பளபளக்கும் புது அரிவாள் வெட்டினாலும் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும்.

துரு, பலாப்பால், கறை

சிவப்பாக உதிர்வது துரு. கருப்பாகப் படர்ந்து உதிராமல் இருப்பது துரு அல்ல, அதைத் தேய்த்து எடுக்க வேண்டியதில்லை. சிவப்பைப் புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்த்துக் கழுவி, உடனே துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். பலாப்பழம் வெட்டுவதற்கு முன்பே எண்ணெய் தடவிவிட்டால் பால் ஒட்டாது. ஒட்டியபின் தண்ணீர் ஊற்றினால் இன்னும் இறுகும், எண்ணெய்தான் அதைக் கரைக்கும். ஈரச் சாக்கில் சுருட்டி வைப்பது, மாட்டுக்கொட்டகையில் செருகி வைப்பது இரண்டும் துருவுக்கு விருந்து.

பன்னரிவாள் கதிரை அறுக்காமல் பிடுங்குகிறது

அறுவடை இயந்திரம் வந்தபிறகு பன்னரிவாளுக்கு வரப்போரமும், சாய்ந்த பயிரும், இயந்திரம் திரும்பாத மூலையும்தான் மிச்சம். ஆனால் அங்கே அது இல்லாமல் முடியாது. தாள் அறுபடாமல் வேரோடு வந்தால் கருக்குத் தேய்ந்திருக்கிறது. அந்தப் பல் வரிசை மேல் கல்லைப் போடாதீர்கள், மீதி இருப்பதும் போய்விடும். பல் இல்லாத மறுபக்கத்தைத் தட்டையாகக் கல்லில் நாலு தேய்ப்புத் தேய்த்துப் பாருங்கள். சில சமயம் அதிலேயே உயிர் வரும். வராவிட்டால் ஆசாரிதான் காய்ச்சித் தட்டி, உளியால் புதுக் கருக்கு வெட்ட வேண்டும். அறுவடைக்கு முதல் நாள் போனால் வரிசையில் நிற்க நேரிடும்.

அரிவாள்மனை தக்காளியை நசுக்குகிறது

வாயின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருக்கும். எல்லாக் காயும் அங்கேதான் படுகிறது. காகித முக்கோணத்தை இன்னொரு முறை மடித்துக் கிடைக்கும் சாய்வில் உருளைக்கல்லை ஓட்டுங்கள். மனை ஆடினால் கூர் ஏற்றுவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள். வாழைக்காயும் வாழைப்பூவும் கருப்பது துருவால் அல்ல, காயின் துவர்ப்பு காற்றோடும் இரும்போடும் சேர்வதால். நறுக்கியதை மோரில் போட்டால் கருமை குறையும்.

வாங்கப் போனால் பெயர், முகவரி கேட்கிறார்கள்

கோபப்பட வேண்டாம். வாங்குபவர் விவரத்தை எழுதிவைக்கும்படி 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் அறிவுறுத்தியது. ஆயுத விதிகள் 2016, ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள வாய்களைக் கட்டுப்பாட்டுக்குள் வைக்கின்றன; வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. விவரத்தைக் கொடுத்துவிட்டு, கையில் வாங்கியதும் முதுகு நேராக இருக்கிறதா, பூண் அசைகிறதா, வாயில் நீலம் தெரிகிறதா என்று அங்கேயே பாருங்கள். பஸ்ஸில் கொண்டுவருவதாக இருந்தால், நெடுக்கக் கீறிய ரப்பர் குழாயை வாயில் செருகி, மேலே செய்தித்தாளும் சாக்கும் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டச் சொல்லுங்கள்.